முதல் போன்சாய்க் கன்றுக்கு எந்த மண், எந்தத் தொட்டி?

இளந்தளிர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஏறக்குறைய இரண்டு வயதான ஃபைக்கஸ் (ஆல், அத்தி இனம்) கன்று ஒன்று என்னிடம் இருக்கிறது; அதைப் போன்சாயாக, அதாவது தொட்டியில் வளரும் குறுமரமாக, ஆக்க விரும்புகிறேன். உயரம் 30 செ.மீ.; அடித்தண்டு பென்சிலைவிடச் சற்றுப் பருமன். இப்போது அது நாற்றுப் பையில், களிமண் போல் இறுகிய மண்ணில் நிற்கிறது. ஆசை மிகுதியால் 5 செ.மீ. ஆழமுள்ள நீள்வட்டத் தட்டுத்தொட்டி ஒன்றை முதலிலேயே வாங்கிவிட்டு, அதன் பிறகுதான் மண்ணைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அகதாமா என்ற ஜப்பானிய மண் இல்லாமல் போன்சாயே இல்லை என்கிறார் ஒருவர்; தோட்ட மண், மணல், தொழுவுரம் சம பங்கு போதும் என்கிறார் இன்னொருவர்; மண்ணே கூடாது, வெறும் கல்லே நல்லது என்கிறார் மூன்றாமவர்.

என் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு வேறொரு கன்றை இதே போன்ற ஆழமில்லாத தொட்டியில், அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சரளைக்கல் பரப்பி, மேலே தோட்ட மண்ணை நிரப்பி நட்டேன். சில வாரங்களில் இலைகள் மஞ்சளித்து உதிரத் தொடங்கின. நீர் போதவில்லை போலும் என்று எண்ணி மேலும் ஊற்றினேன். கடைசியில் பிடுங்கிப் பார்த்தபோது வேர்கள் கறுத்திருந்தன; விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தது; அழுகல் வாடையும் அடித்தது. வடிகாலுக்கென்றே சரளை போட்டிருந்தும் வேர் ஏன் அழுகியது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இந்த முறை எந்த மண்ணை எடுப்பது, இந்தத் தட்டுத்தொட்டியைப் பயன்படுத்தலாமா, நடும்போது எதைக் கவனிப்பது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சல்லடை எழுதியது:

வணக்கம் நண்பரே. உங்கள் கன்றைக் கொன்றதில் அந்தச் சரளைக்கும் பங்கு உண்டு. இதை நம்புவதற்கு ஒரு சிறு சோதனை போதும். பாத்திரம் துலக்கும் நுரைப்பஞ்சு ஒன்றை நீரில் நன்றாக ஊறவைத்து, படுக்கைவாட்டில் ஒரு கம்பி வலைமேல் வையுங்கள். சொட்டுவது முழுவதும் நின்ற பிறகு, பிழியாமல், அதை அப்படியே நிமிர்த்திச் செங்குத்தாக நிறுத்துங்கள். மீண்டும் நீர் சொட்டும். பஞ்சு அதே பஞ்சு, அதிலுள்ள துளைகளும் அதே துளைகள். உயரம் மட்டுமே மாறியது. அடியில் தேங்கி நிற்கும் நீரின் உயரத்தைத் தீர்மானிப்பது துகளின் பருமனே அன்றித் தொட்டியின் ஆழம் அன்று என்பதே இதன் பொருள். ஒரு மண்கலவை, எடுத்துக்காட்டாக, அடியில் 3 செ.மீ. உயரத்துக்கு நீரைப் பிடித்து நிறுத்தும் என்று கொள்வோம். 15 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் அது ஐந்தில் ஒரு பங்கு. மேலுள்ள பகுதியில் வேர் மூச்சு விடலாம். 5 செ.மீ. தட்டில் அதே 3 செ.மீ. பாதிக்கும் மேல். ஆழமில்லாத தொட்டி சீக்கிரம் காய்ந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறோம்; அதே தொட்டி, நுண்மண்ணை இட்டால், வேரை மூழ்கடிக்கவும் செய்யும் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இனி சரளைக்கு வருகிறேன். நுண்ணிய மண்ணிலிருந்து பருமனான கல்லுக்குள் நீர் எளிதில் இறங்காது; மேலுள்ள மண் முழுதும் நனைந்து நிறைந்த பிறகே சொட்டத் தொடங்கும். ஆகவே நீங்கள் போட்ட சரளை, தேங்கும் நீரை வெளியேற்றவில்லை. அந்த நீர்மட்டத்தை இரண்டு விரற்கடை மேலே தூக்கி, வேருக்கு அருகில் கொண்டுவந்து வைத்தது. வேருக்கு நீரைப் போலவே ஆக்சிஜனும் வேண்டும். அது கிடைக்காமல் நலிந்த வேரைத்தான் அழுகல் நோய்க் கிருமிகள் எளிதில் பற்றுகின்றன. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால் மேலே இலை வாடி மஞ்சளிக்கிறது. நாமோ அதைத் தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றுகிறோம்.

எனவே எந்தப் பொருள் என்பதைவிட எந்தப் பருமன் என்பதை முதலில் கேளுங்கள். உங்கள் கன்றுக்கு 2 முதல் 6 மி.மீ. வரையுள்ள துகள்கள் பொருத்தம். 2 மி.மீ. சல்லடையில் கீழே விழும் தூளையும் 6 மி.மீ. சல்லடையில் மேலே தங்கும் கல்லையும் தயங்காமல் ஒதுக்குங்கள். ஒரு படி கூழாங்கல்லையும் ஒரு படி மணலையும் கலந்தால் இரண்டு படி வராது என்பது தெரிந்ததுதான். கல்லுக்கு இடையிலிருந்த வெற்றிடத்தை மணல் நிரப்பிவிடுகிறது. அந்த வெற்றிடம்தான் நமக்குத் தேவை. நல்ல கல்லை வாங்கி, சலிக்காமல் தூளோடு கொட்டினால், வாங்கியதன் பயனே போய்விடும். நான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டதற்கும் அதுவே காரணம்.

பொருளைப் பொறுத்தவரை, அகதாமா, பியூமிஸ் என்ற நுரைக்கல், எரிமலைக் கல் மூன்றும் சம பங்கு என்பது உலகெங்கும் பலர் கையாளும் கலவை. அகதாமா என்பது ஜப்பானில் தோண்டி எடுக்கப்படும் எரிமலைச் சாம்பல் வழிவந்த களிமண் உருண்டை. பெயருக்குச் ‘சிவப்பு உருண்டை’ என்று பொருள். அது நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும், வேர் அதை எளிதில் துளைத்துச் செல்லும். ஆனால் நாளடைவில், குறிப்பாக உறைபனி விழும் இடங்களில், நொறுங்கித் தூளாகிவிடும். அதற்கு மந்திர சக்தி எதுவும் இல்லை. கிடைக்காவிட்டால், நன்றாக வெந்த செங்கல்லை உடைத்துச் சலித்த துண்டுகள் இரண்டு பங்கு, பியூமிஸ் அல்லது பெர்லைட் (சூட்டில் பொரிந்த வெண்ணிற எரிமலைக் கண்ணாடித் துகள்) ஒரு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு என்று தொடங்கலாம். செங்கல் துண்டை ஓரிரவு நீரில் ஊறவைத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். சேறானால் அது வேகாத கல், வேண்டாம். கடல் மணலில் உப்பு இருப்பதால் அதையும் தவிருங்கள். பெர்லைட் எடை குறைந்தது. நீர் ஊற்றும்போது மேலே மிதந்து வரும் என்பது அதன் குறை.

வேர்வழி எழுதியது:

மண்ணைப் பற்றி மேலுள்ள விளக்கத்தோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் அதைவிட முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. பென்சில் பருமனுள்ள கன்றை இப்போதே ஏன் தட்டில் வைக்க வேண்டும்?

போன்சாய்த் தொட்டி என்பது மரத்தை உருவாக்கும் இடம் அன்று. உருவான மரத்தை நிலைநிறுத்தும் இடம். வேருக்கு இடம் குறைந்தால் மேலே வளர்ச்சி குறையும், வளர்ச்சி குறைந்தால் தண்டு பருக்காது. இன்று தட்டில் நட்டால் ஐந்து ஆண்டுகள் கழித்தும் இதே பென்சிலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தொட்டியின் ஆழம் அடித்தண்டின் பருமனை ஒத்திருக்க வேண்டும், அதன் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும் என்று ஒரு பொதுக் கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கின்படி உங்கள் 5 செ.மீ. தட்டு கேட்பது 5 செ.மீ. பருமனுள்ள தண்டை. அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஒரு நாள் உதவும்.

இப்போதைக்கு 10 முதல் 15 செ.மீ. ஆழமுள்ள, அகன்ற வளர்ப்புத் தொட்டி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என் விருப்பம் ஓட்டைகள் நிறைந்த பிளாஸ்டிக் கூடை. காய்கறி வடிக்கும் வடிகூடைகூடப் போதும். சுவர் அடைபட்ட தொட்டியில் வேர் சுவரைத் தொட்டதும் திரும்பி வட்டமடிக்கத் தொடங்கும். கூடையில் வேர் நுனி ஓட்டை வழியே வெளியே வந்து காற்றுப்பட்டுக் காய்ந்து நின்றுவிடும். அதன்பின் உள்ளே பக்க வேர்கள் கிளைக்கும். பிற்காலத்தில் தட்டில் அடக்குவதற்கு நமக்கு வேண்டியது அந்தச் சல்லிவேர்த் தொகுதிதான்.

இளந்தளிர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. நுரைப்பஞ்சுச் சோதனையை இன்றே செய்து பார்த்தேன். நிமிர்த்தியதும் உண்மையாகவே கணிசமான நீர் சொட்டியது. தட்டை எடுத்து வைக்கச் சொன்னது மனத்துக்குச் சற்று வருத்தம்தான், ஆனால் காரணம் புரிகிறது. இப்போது வேறொரு ஐயம். நான் காலையில் வேலைக்குச் சென்றால் மாலையில்தான் வீடு திரும்புவேன். வெறும் கல்லும் செங்கல்லும் கலந்த கலவை அதற்குள் காய்ந்துவிடாதா? மக்கு எதுவும் சேர்க்கக் கூடாதா?

மாலைநீர் எழுதியது:

உங்களைப் போலவே பகல் முழுவதும் வீட்டில் இல்லாதவன் என்ற முறையில் சொல்கிறேன். முழுக்க முழுக்கக் கல் கலவை என்பது நாளுக்கு ஒருமுறையும், கோடையில் இரண்டு முறையும் நீர் ஊற்ற நேரமுள்ளவர்களுக்கு உரியது. அவர்கள் மரம் விரைவாக வளர்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு நாள் மறந்தால் அந்த மரமே இராது. நான் கலவையில் நான்கில் ஒரு பங்கு மக்கிய மரப்பட்டைத் துண்டுகளோ தென்னைநார்க் கழிவோ சேர்க்கிறேன். தென்னைநார்க் கழிவில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழிந்த பிறகே கலக்கிறேன். இந்த மக்குப் பொருள் நீரோடு சத்தையும் பிடித்துவைக்கும். மணலும் சாதாரணக் கல்லும் சத்தை ஏறக்குறைய வைத்திருப்பதே இல்லை, ஊற்றிய உரம் அப்படியே வடிந்துவிடும். ஆகவே கல் கலவைக்காரர்கள் வளரும் பருவம் முழுவதும் சிறிது சிறிதாக உரமிட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

நாளடைவில் மக்குப் பொருள் மேலும் மக்கித் தூளாகி இடைவெளியை அடைக்கும் என்பது உண்மை. வளரும் இளங்கன்றை எப்படியும் ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி நடத்தான் போகிறோம் என்பதால் அதை நான் பெரிய குறையாகக் கருதவில்லை.

சல்லடை எழுதியது:

மாலைநீர் அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். நான்கில் ஒரு பங்கு என்ற அளவைத் தாண்டாதவரை எனக்கு மறுப்பில்லை. வெர்மிகுலைட்டை (சூட்டில் விரிந்த, அடுக்கடுக்கான கனிமத் துகள்) மட்டும் இதற்குப் பதிலாகச் சேர்க்க வேண்டாம். அது நாளடைவில் நசுங்கி நீரைக் கட்டி வைக்கும்.

நான் முன்பு சொல்லாமல் விட்ட, கலவையைவிட முக்கியமான ஒன்று உண்டு. நாற்றுப் பையின் களிமண் உருண்டையை அப்படியே வைத்து, சுற்றிலும் புதிய கலவையை நிரப்பிவிடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலோர் செய்யும் பிழை இதுதான், நானும் செய்திருக்கிறேன். ஒரு முறை நான் நட்ட கன்றுக்கு நாள்தோறும் நீர் ஊற்றினேன், அடித்துளை வழியே நீர் தாராளமாக வடிந்தது, மேல் மண் ஈரமாகவே இருந்தது; கன்றோ வாடியது. எடுத்துப் பிளந்தால் நடுவிலிருந்த பழைய மண் செங்கல்போல் உலர்ந்து கிடந்தது. நீர், எளிதான வழியான புதிய கலவையில் இறங்கி ஓடிவிட்டது. இதற்கு நேர்மாறாக, நடுக் களிமண் ஒருமுறை நன்றாக ஊறிவிட்டால் சுற்றியுள்ள கலவை காய்ந்த பின்னும் அது சொதசொதவென்றே இருக்கும். ஒரே தொட்டியில் இரண்டு வகை மண் இருந்தால் நீர் ஊற்றுவதற்குச் சரியான வேளை என்று ஒன்று இராது. ஃபைக்கஸ் வலுவான மரம். அது வளரும் வெப்பக் காலத்தில் பழைய மண்ணை முழுவதும் நீக்கினாலும் தாங்கும்.

பழுத்த இலை எழுதியது:

நடும் முறையைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் நான் எழுதுகிறேன்.

முதலில் காலம். இலையுதிர்க்கும் மரங்களுக்கு மொட்டு வீங்கி, விரிவதற்குச் சற்று முந்தைய நாள்கள் ஏற்றவை. ஃபைக்கஸ் போன்ற வெப்பமண்டல மரங்களுக்கு, இரவில்கூட 15 பாகை செல்சியசுக்குக் கீழே வெப்பம் இறங்காமல், புதுத்தளிர் ஓடிக்கொண்டிருக்கும் பருவம் ஏற்றது. கன்று நோயுற்றிருந்தால் பொறுத்திருங்கள்.

கன்றை எடுப்பதற்கு முன் தொட்டி, கலவை, கம்பி, வலை, கத்தரி யாவும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும். வேர் வெளியே வந்தபின் சல்லடையைத் தேடிக்கொண்டு அலைவது கூடாது. சல்லிவேர் வெயிலிலும் காற்றிலும் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். நிழலில் அமர்ந்து, இடையிடையே நீர் தெளித்துக்கொண்டே வேலை செய்யுங்கள். தொட்டியின் வடிதுளைகளை வலைத்துண்டால் மூடி, வலை நகராதவாறு கம்பியால் மாட்டிக்கொள்ளுங்கள். கன்றைக் கட்டுவதற்கான அலுமினியக் கம்பியையும் அப்போதே துளைகள் வழியே அடியிலிருந்து மேலே கோத்து விட்டுவிட வேண்டும். நட்ட பிறகு கோக்க வழி இல்லை. கூடையானால் இந்தத் தொல்லை குறைவு, எந்த ஓட்டையிலும் கோக்கலாம்.

பையைக் கிழித்து, மூங்கில் குச்சியால் அடித்தண்டிலிருந்து வெளிநோக்கிச் சீவுங்கள். குறுக்காகக் குத்திக் கிளறினால் வேர் அறுபடும். மண் கரைய மறுத்தால் வாளி நீரில் முக்கி அலசலாம். வேர்கள் கண்ணுக்குத் தெரிந்ததும் உங்கள் மரத்தின் வருங்காலம் முன்னே விரிந்துவிடும் என்றே சொல்வேன். நேராகக் கீழிறங்கும் ஆணிவேர், ஒன்றையொன்று பின்னிக்கொண்டவை, தண்டைச் சுற்றி வளைத்தவை ஆகியவற்றை இப்போது திருத்தாவிட்டால் பின்னர் திருத்துவது கடினம். நான்கு புறமும் கிடையாக ஓடும் வேர்கள்தாம் பிற்காலத்தில் மண்மேல் தெரியும் அழகிய அடிவேர்களாகும். அவற்றை விட்டுவைத்து, கீழ்நோக்கியவற்றைக் கூரிய கத்தரியால் குறையுங்கள். முதல் முறை மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். வெட்டுவாயில் பால் வடியும். ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள், அது தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும்.

கலவையை நடுவில் சிறு மேடாகக் குவித்து, கன்றை அதன்மேல் வைத்து, இடமும் வலமுமாக இலேசாகத் திருகி அமர்த்தினால் அடியில் வெற்றிடம் இராது. கிடைவேர்களை விரித்துவிட்டு, கம்பியை வேர்த்தொகுதியின் மேல் கொண்டுவந்து முறுக்கிக் கட்டுங்கள். கம்பி வேரில் பதியும் இடத்தில் ஒரு ரப்பர் துண்டை இடையில் வைக்கலாம். கட்டிய பிறகு தண்டை மெல்லத் தூக்கினால் தொட்டியும் சேர்ந்து எழ வேண்டும். இதைப் பலர் அலங்காரச் சடங்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். காற்றில் கன்று ஆடும் ஒவ்வொரு முறையும், புதிதாக முளைத்த மயிரிழை போன்ற வேர்கள் அறுந்துபோகும்; கலவை எவ்வளவு நல்லதாயினும் ஆடும் கன்று வேர் பிடிக்காது.

அதன்பின் கலவையைச் சுற்றிலும் இட்டு, குச்சியால் மெல்லக் குத்தி வேர்களுக்கிடையே இறக்குங்கள். கையால் அழுத்த வேண்டாம். விளிம்புக்கு 1 செ.மீ. கீழே நிறுத்திக்கொண்டால் ஊற்றும் நீர் வழிந்தோடாது. கடைசியாகப் பூவாளியால், அடியில் வடியும் நீர் தெளிந்து வரும்வரை ஊற்றுங்கள். முதலில் கலங்கலாக வருவது மீதமிருந்த தூள். இரண்டு மூன்று வாரங்கள் நேர் வெயிலும் பலத்த காற்றும் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். சில இலைகள் உதிர்ந்தால் அஞ்ச வேண்டாம், ஃபைக்கஸின் வழக்கம் அது. புதுத்தளிர் விரியும்வரை, அதாவது குறைந்தது நான்கு வாரங்களுக்கு, உரத்தை எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.

ஊசியிலை எழுதியது:

இந்த இழையைப் பின்னர் படிப்பவர்களுக்காக ஓர் எச்சரிக்கை. பழைய மண்ணை முழுவதும் அலசி எடுக்கும் முறை ஃபைக்கஸுக்குச் சரி; பைன், ஜூனிபர் போன்ற ஊசியிலை மரங்களுக்கு அதைச் செய்யாதீர்கள். பைன் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகள் அந்தப் பழைய மண்ணில்தான் இருக்கின்றன. வேரை முற்றிலும் வெறுமையாக்கினால் மரம் மீளாமலே போகலாம். இந்த முறை ஒரு பாதி, ஓரிரண்டு ஆண்டுகள் கழித்து மறு பாதி என்று மாற்றுவதே வழக்கம். அசேலியா வளர்ப்பவர்களுக்கு அமிலத்தன்மையுள்ள கனுமா மண் ஏற்றது. ஜப்பானின் கனுமா நகரத்தின் பெயரே அந்த மண்ணுக்கும் வழங்குகிறது.

இளந்தளிர் எழுதியது:

நேற்று நட்டு முடித்தேன். செங்கல், பெர்லைட், பருமணல், அலசிய தென்னைநார்க் கழிவு ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்தேன். சலித்தபோது செங்கல்லில் ஏறக்குறைய பாதி தூளாகக் கீழே போனது. சல்லடை அவர்களின் பெயர்க்காரணம் அப்போது நன்றாக விளங்கியது. களிமண் உருண்டைக்குள் ஆணிவேர் கொக்கிபோல் மடங்கி, தண்டையே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது, அதை வெட்டிவிட்டேன். கம்பியை இரண்டு முறை அவிழ்த்துக் கட்ட நேர்ந்தது, ஆனால் இப்போது தூக்கினால் கூடையும் எழுகிறது. ஒரே ஒரு கேள்வி மிச்சம். மேலே உள்ள செங்கல் துண்டுகள் இரண்டு மணி நேரத்தில் வெளுத்துவிடுகின்றன. உடனே நீர் ஊற்ற வேண்டுமா?

மாலைநீர் எழுதியது:

வேண்டாம். மேற்பரப்பு வெளுப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. சீவாத மூங்கில் குச்சி ஒன்றை வேர்த்தொகுதிக்கும் கூடையின் விளிம்புக்கும் இடையே ஆழமாகச் செருகி அங்கேயே விட்டுவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து உருவிப் பார்த்தால் எந்த ஆழத்தில் ஈரம் தொடங்குகிறது என்பது குச்சியின் நிறத்தில் தெரியும். மேலிருந்து இரண்டு விரற்கடைக்குள் ஈரக்கறுப்புத் தெரிந்தால் பொறுத்திருங்கள். அதற்கும் கீழே போயிருந்தால் ஊற்றுங்கள். ஊற்றும்போது ஒரு முறை முழுதும் நனைத்து, சில நிமிடங்கள் விட்டு, அடித்துளைகள் எல்லாவற்றிலும் வடியும்வரை மறுபடி ஊற்றுங்கள். காய்ந்த துகள் முதல் ஊற்றலில் நீரை முழுவதும் ஏற்காது. இரண்டு வாரங்கள் இப்படிப் பார்த்துவந்தால் கூடையைக் கையில் தூக்கியதுமே எடையை வைத்துச் சொல்லிவிடுவீர்கள், பிறகு குச்சி தேவைப்படாது.